இலாகாக்களின் சிக்கனம் யார் செலவில்?

கர்நாடக அரசு 2021-ம் ஆண்டு ஜனவரியில் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தை அமைத்தது. தலைமைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற டி.எம்.விஜயபாஸ்கர் அதன் தலைவர். வருவாய், உணவு, போக்குவரத்து இலாகாக்கள் பற்றிய முதல் அறிக்கை அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. பின்னால் வந்தவற்றையும் சேர்த்தால் ஏழு அறிக்கைகள். சிபாரிசுகள் ஏறக்குறைய 5,000. அதன்பின் முன்னாள் அமைச்சர் ஆர்.வி.தேஷ்பாண்டே தலைமையிலும் ஆணையத்தின் பணி தொடர்ந்தது. ஹாரனஹள்ளி ராமசாமி தலைமையிலான முதல் ஆணையம் 2000-ம் ஆண்டிலேயே அமைந்ததுதான்.

இப்படிப்பட்ட ஆணையங்கள் இலாகாக்களைப் பார்த்து வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எதைக் குறைக்கலாம், எதை நிறுத்தலாம்?" கேள்வி செயலாளரிடமிருந்து இயக்குநருக்கும், அங்கிருந்து ஜில்லா அலுவலகத்துக்கும் இறங்கி, கடைசியில் குமாஸ்தாவின் மேஜைக்கு வந்து சேரும். எந்தப் பதிவேட்டை யாரும் புரட்டுவதில்லை, எந்த மாத அறிக்கை மூன்று பிரதிகள் போய் மூன்றும் கட்டோடு கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் வாய் திறப்பதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. கே.பி.கீதாகிருஷ்ணன் தலைமையில் 2000-ல் மத்திய அரசு அமைத்த செலவினச் சீர்திருத்த ஆணையம், ஊழியர் எண்ணிக்கையில் நூற்றுக்குப் பத்தைக் குறைக்கச் சொன்னது. 2001 மே மாதம் வந்த மத்திய அரசு உத்தரவுப்படி, நேரடி நியமனத்துக்குரிய காலியிடங்களில் மூன்றில் ஒன்றைத்தான் நிரப்பலாம். 2009 வரை இது நீடித்தது. நாற்காலிகள் குறைந்தன, கோப்புகள் குறைந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. "இந்தப் பதிவேடு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால், "அப்படியானால் நீரும் வேண்டாம்" என்று பதில் வருமோ என்ற பயம் நியாயமானதே.

பயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஏட்டில் ஏறாத ஒரு கணக்கைப் பார்ப்போம். அடியேன் ரயில்வே குமாஸ்தா என்பதால் எங்கள் உதாரணமே முதலில். ரயில் பெட்டிகளின் கதவருகே ஒட்டப்பட்ட முன்பதிவுப் பட்டியலை நம்மில் மறந்தவர் யார்? பெங்களூர் சிட்டியிலும் யஷ்வந்தபுரத்திலும் 2016 கடைசியிலேயே அதை ஒட்டுவது நின்றது. 2018 மார்ச் முதல் தேதியிலிருந்து நாடெங்கும் முக்கிய நிலையங்களில் நிறுத்தினார்கள். டன் கணக்கில் காகிதம் மிச்சம். கைப்பேசியில் நிலவரம் வந்துவிடுகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனால் காத்திருப்புச் சீட்டோடு ஊருக்குக் கிளம்பும் கட்டடத் தொழிலாளி, முன்பு விரல் வைத்துத் தன் பெயரைத் தேடிய இடத்தில் வெறும் தகரத்தைப் பார்த்து நின்றார். நல்ல சிக்கனம்தான், விசாரணை ஜன்னலில் இன்னொருவரை உட்கார வைத்திருந்தால் முழுமையாக நல்ல சிக்கனம்.

மாநில இலாகாக்களிலும் இதே கதைதான். சாதி, வருமானச் சான்றிதழ் தருவது நாட கச்சேரி. (பெயரைக் கேட்டு நாடகம் என்று எண்ண வேண்டாம், நாட்டுப் பகுதியின் அலுவலகம் என்று பொருள்.) அந்தச் சான்றிதழில் ஓர் எண் இருக்கிறது. எண்ணைக் கணினியில் தட்டினால் சான்றிதழ் உண்மையா, போலியா என்பது தெரிந்துவிடும். அப்படியிருந்தும் பள்ளிக்கூட உதவித்தொகை ஆனாலும் வேறெந்த மனுவானாலும், ஜெராக்ஸ் எடு, கையெழுத்து வாங்கு, நாளைக்கு வா என்கிற அலுவலகங்களுக்குக் குறைவில்லை. சர்க்காரே கொடுத்த தாளைச் சர்க்காருக்கே திரும்பக் காட்ட வேண்டியிருக்கிறது! கன்னடம் சரளமாகப் பேசி, எழுத்து மட்டும் தெரியாத நம் தமிழ்த் தொழிலாளிக்குப் படிவம் நிரப்ப ஆள் கூலி வேறு. மனுக்களெல்லாம் இணையத்துக்குப் போனபின் அந்தக் கூலி சைபர் கடைக்காரருக்குப் போகிறது. இலாகா ஒரு ஜன்னலை மூடி மிச்சம் பிடித்தது. செலவு ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் பைக்கு மாறியது.

ஜன்னலுக்கு வெளியே நிற்பவரின் நேரத்துக்கு இந்த மாநிலத்தில் ஒரு விலை எழுதப்பட்டிருப்பதையும் சொல்ல வேண்டும். சகாலா எனப்படும் சேவை உத்தரவாதச் சட்டம் 2011-ல் இயற்றப்பட்டு, 2012 ஏப்ரல் 2 முதல் மாநிலமெங்கும் அமலுக்கு வந்தது. குறித்த கெடுவுக்குள் சேவை கிடைக்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ.20, அதிகபட்சம் ரூ.500 ஈட்டுத்தொகை கேட்கலாம். தவறிய ஊழியரிடமிருந்து அது பிடிக்கப்படும். ஒரு நாள் வேலையை விட்டு வந்த கொத்தனாருக்கு இருபது ரூபாய் எந்த மூலைக்கு? அதுவும் தாமதத்துக்குத்தான், தேவையில்லாத ஜெராக்ஸுக்காக இரண்டாம் முறை அலைந்ததற்கு ஒன்றும் கிடையாது.

ஆணையத்துக்குச் செல்லும் ஒவ்வொரு சிக்கன யோசனையிலும் 'இலாகாவுக்கு மிச்சம்' என்ற கலத்துக்குப் பக்கத்திலேயே 'மனுதாரருக்குச் செலவு' என்று இன்னொரு கலம் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதை நிரப்ப நிபுணர்கள் தேவையில்லை. தினமும் வரிசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவரால் ஐந்து நிமிஷத்தில் முடியும். அதற்காக ஒரு பதவியும் பறிபோகாது. இதைப் படிப்பவர்களில் மாநில அலுவலகங்களில் மேஜை போட்டிருக்கும் நம்மவர்களும் உண்டு. அடுத்த சுற்றறிக்கை வரும்போது அந்தக் கலம் அச்சில் இல்லாவிட்டால், பேனாவால் கோடு இழுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.