பத்துக் காசு வாடிக்கையாளர்கள்

இருபத்தைந்து காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போயின. கடைக்காரர்கள் அதற்கு வெகு முன்பே அவற்றை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். எண்பதுகளில் பள்ளிக்கூடம் போன எங்கள் தலைமுறைக்கு மட்டும் அந்தச் சில்லறைதான் பெரும் சொத்து. ஓரம் வளைந்து வளைந்து பூப்போல் இருக்கும் அலுமினியப் பத்துக் காசு, சதுரமான ஐந்து காசு, ஆறு மூலை இருபது காசு. டவுசர்ப் பையிலோ பாவாடை முடிச்சிலோ அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தனியாகப் போய் வியாபாரம் பேச ஊரில் ஓர் இடம் இருந்தது. அதுதான் முக்குக் கடை.

மதுரையில் தெருமுனையை முக்கு என்போம். தெற்குவாசல் பக்கம் எங்கள் தெரு முக்கிலும் ஒரு கடை இருந்தது. பலகையில் ஏதோ ஒரு ஸ்டோர் என்று எழுதியிருக்கும். தெருவுக்கு அது அண்ணாச்சி கடை. திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கிளம்பி ஊர் ஊராய் மளிகைக் கடை போட்ட ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் சரக்கு எடுத்துவருவார். கடைக்குக் கதவு என்று ஒன்று கிடையாது. நம்பர் எழுதிய பலகைகளை விடியற்காலையில் ஒவ்வொன்றாய்க் கழற்றி, இரவில் அதே வரிசையில் செருகுவார்கள்.

அந்தக் கடையின் முதல் விதி, எவ்வளவு வேண்டும் என்பதை வாங்க வருபவர்தான் சொல்வார். கால் ரூபாய்க்குக் காப்பித்தூள், ஐம்பது காசுக்குச் சீரகம், தாளிக்க மட்டும் நல்லெண்ணெய், ஒரே ஒரு பூண்டு. கொண்டுபோன பாட்டிலின் வாயில் புனலை வைத்துக் கேட்ட அளவு எண்ணெய் ஊற்றுவார்கள். மெட்ரிக் எடை 1960-களிலேயே கட்டாயமாகிவிட்டது என்றாலும் பாட்டிகள் பலத்திலும் வீசையிலும்தான் கேட்பார்கள். இரண்டு பலம் மிளகு என்றால் அண்ணாச்சி கேள்வியே கேட்காமல் எழுபது கிராம் நிறுத்துக் கொடுப்பார். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் உலை வைக்கும் வீடுகள் நிறைந்த தெரு அது. மாதம் முழுவதுக்கும் சேர்த்து வாங்கும் வீட்டுக்கும் ஒரு வேளைக்கு மட்டும் வாங்கும் வீட்டுக்கும் ஒரே தராசுதான்.

பொட்டலம் கட்டுவதைப் பார்க்கவே கால் வலிக்க நிற்கலாம். அளவாகக் கிழித்த பழைய பேப்பரை எடுத்து, ஒரு மூலையை உள்ளே மடக்கிச் சுருட்டினால் கூம்பு தயார். பருப்பைக் கொட்டி இரண்டு தட்டு தட்டுவார். சரக்கு அடியில் இறங்கும். மேல்பக்கத்தை மூன்று மடிப்பாக மடித்துவிட்டு, கண்ணைத் தூக்காமலே கையை உயர்த்துவார். விட்டத்தில் தொங்கும் கண்டிலிருந்து நூல் இறங்கிவரும். குறுக்கே இரண்டு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, விரலில் சுற்றி ஒரு சுண்டு. நூல் அறும், பொட்டலம் அவிழாது. வீட்டில் சரக்கை டப்பாவில் கொட்டியபின் அந்தத் தாள் எங்களுக்கு. தொடர்கதையின் நடுப்பக்கமும் சினிமா விளம்பரத்தின் பாதியுமாக, பாடப்புத்தகத்துக்கு வெளியே நாங்கள் படித்ததில் பெரும்பங்கு பொட்டலக் காகிதத்தில் வந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கென்று கடையின் இடது ஓரம் ஒதுக்கப்பட்டிருந்தது. கண்ணாடி ஜாடிகளில் தேன் மிட்டாய், சவ்வு மிட்டாய், கமர்கட்டு, கல்கோனா, சூட மிட்டாய். கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும் ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ். இரண்டுமே 1984-இல் தொடங்கியவை. ஜூன் மாதம் நோட்டும் பிரவுன் அட்டையும் லேபிளும் வந்து குவியும். பம்பரக் காலத்தில் பம்பரமும் சாட்டையும், ஆடியில் பட்டத் தாள், தீபாவளிக்கு முன்னால் ரோல் கேப். பரீட்சை பேப்பர் ஒற்றைத் தாளாகக் கிடைக்கும். பேனாவில் மை தீர்ந்தால் பத்துக் காசுக்கு நிரப்பித் தருவார். இந்தியா மேப் ஒன்று, கிராஃப் தாள் ஒன்று, பென்சிலில் பாதி என்று கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டார்.

“ஏலே, ஒனக்கு என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவர் காத்திருப்பார். பெரியவர்கள் கூட்டம் நின்றாலும் முறை வந்தால் பிள்ளைக்கும் முறைதான். பத்துக் காசுக்கு இரண்டு சாமானா, ஒன்றா என்று நாங்களே கணக்குப் போட்டு முடிவெடுக்க வேண்டும். வாங்கிய பாக்கியை எண்ணிப் பார்க்காமல் திரும்பினால் கூப்பிட்டு எண்ணச் சொல்வார். வீட்டுக்குச் சாமான் வாங்கினால் கொசுறாக ஒரு துண்டு வெல்லமோ ஒரு பிடி பொட்டுக்கடலையோ உள்ளங்கையில் விழும். அந்தத் தெருவில் எங்களை ஓர் ஆளாக மதித்துப் பேரம் பேசிய முதல் மனிதர் அவர். இதை நான் மிகையாகச் சொல்லவில்லை. பணத்தைக் கையாளவும், வரிசையில் நிற்கவும், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் காரணம் சொல்லவும் அந்தப் படியில் நின்றுதான் பழகினோம்.

கையில் காசில்லாத நாளும் கடைக்குப் போகலாம். “அம்மா கணக்குல எழுதிக்கச் சொன்னாங்க” என்றால் போதும். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். அப்பாவின் சம்பளத் தேதி அவருக்குத் தெரியும். மில் வேலைநிறுத்தம் நடந்தால் எத்தனை பக்கங்களில் பாக்கி ஏறும் என்பதும் தெரியும். “கடன் அன்பை முறிக்கும்” என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து கடன் எழுதுவார். ஆதாரம், கையெழுத்து, வட்டி எதுவும் இல்லாத அந்தக் கணக்கில்தான் பல வீடுகள் மாதக் கடைசியைத் தாண்டின.

அன்று எல்லாமே நன்றாக இருந்தது என்று எழுதினால் அது பொய். எங்களுக்குச் சாமான் எடுத்துக்கொடுத்த கடைப்பையனுக்கும் எங்கள் வயதுதான். ஊரிலிருந்து உறவுக்காரர் கையைப் பிடித்து வந்தவன், கடையிலேயே படுத்து, கடையிலேயே வளர்ந்தான். வருடங்கள் கழித்துத் தனிக்கடை போட்டு அவனே முதலாளியாவது உண்டு. ஆனால் நாங்கள் பையோடு பள்ளிக்குப் போகையில் அவன் மூட்டை தூக்கினான். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பொதுவாக எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016-இல் சட்டம் இறுகியது. மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்திலேயே பீடிக்கட்டும் சிகரெட்டும் இருக்கும். பள்ளி, கல்லூரியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். இவை இரண்டும் மனமாரக் கொண்டாட வேண்டிய மாற்றங்கள்.

மற்ற மாற்றங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1998-இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் பலர் இறந்தார்கள். சமையல் எண்ணெயை அடைத்து முத்திரையிட்டுத்தான் விற்க வேண்டும் என்று அந்த ஆண்டே மத்திய அரசின் ஆணை வந்தது. நாளடைவில் எண்ணெய் டின்னும் புனலும் மறைந்தன. கல் உப்பு மூட்டை இரவெல்லாம் கடைக்கு வெளியிலேயே கிடக்கும். அதை யாரும் தொடமாட்டார்கள். சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம் என்று 2006 மே மாதம் நாடு முழுவதும் நடைமுறையானபின் உப்பும் பாக்கெட்டுக்குள் போனது. ஷாம்பு கதை வேறு. கடலூர் சின்னிகிருஷ்ணன் சின்னச் சின்ன உறைகளில் பொருளை அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவை விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983-இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பாட்டில் வாங்க முடியாதவரும் தலைக்கு ஷாம்பு போடலாம் என்று ஆனது. அண்ணாச்சிகள் காலங்காலமாய்த் தாளில் மடித்துக் கொடுத்ததைத்தான் பெரிய நிறுவனங்கள் பிறகு பிளாஸ்டிக் உறையில் அடைத்தன.

ஆனால் அளவைச் சொல்லும் உரிமை வாங்குபவர் கையிலிருந்து நழுவிவிட்டது. இன்று அதே முக்கில் கடை இருக்கிறது. பலகைகளின் இடத்தில் ஷட்டர், ஜாடிகளின் இடத்தில் சரம் சரமாய்த் தொங்கும் பாக்கெட்டுகள், கல்லாவுக்கு மேலே கியூஆர் அட்டை. யுபிஐ 2016-இல் வந்தது. பணம் ஏறியதைச் சின்னப் பெட்டி உரக்கச் சொல்கிறது. சீரகம் பத்து ரூபாய்ப் பாக்கெட், இருபது ரூபாய்ப் பாக்கெட். தாளிக்க மட்டும் எண்ணெய் கிடையாது. தெருவில் பாதிப்பேர் சூப்பர் மார்க்கெட்டில் மொத்தமாக வாங்குகிறார்கள். மீதிப்பேரில் பலருக்கு செயலியில் தட்டினால் வாசலில் வந்து நிற்கிறது. அண்ணாச்சியின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தப் படிப்புக்குத்தான் அவர் அத்தனை வருடம் பலகை கழற்றினார். ஆகவே கடைகள் குறைவதற்குப் போட்டியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சுத்தம் கூடியிருக்கிறது, எடையில் ஏமாற்று குறைந்திருக்கிறது, விலை பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு நான் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லமாட்டேன். என் வருத்தம் பிள்ளைகளைப் பற்றியது. விளம்பரத்தில் பார்த்ததைக் கேட்கவும் போனில் வந்ததைப் பிரிக்கவும் தெரிந்த பிள்ளைக்கு, சொந்தமாகச் சில்லறை எண்ணி, தெரிந்த ஒரு பெரியவர் முகத்தைப் பார்த்து ஒரு பொருளைக் கேட்டு வாங்கும் வாய்ப்பு இல்லை. போக்குவரத்து பயமுறுத்துகிறது, அக்கம்பக்கம் பழக்கமில்லை, நேரமில்லை. காரணங்கள் நியாயமானவைதான், இழப்பும் உண்மையானது.

அதை ஈடுகட்ட இன்னும் வழியிருக்கிறது. உங்கள் தெருவில் ஒரு சின்னக் கடையாவது மிஞ்சியிருக்கும். பிள்ளையின் கையில் ஐம்பது ரூபாய்த் தாளைக் கொடுத்து, வாங்க வேண்டிய மூன்று சாமானைச் சொல்லி, தனியாக அனுப்புங்கள். முதல் சில தடவை தூரத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம். பாக்கியை எண்ணி வாங்கட்டும், மறந்ததற்குத் திரும்பிப் போகட்டும், கடைக்காரரை அண்ணே என்றோ அக்கா என்றோ கூப்பிட்டுப் பழகட்டும். கடைக்காரருக்கு அதில் கிடைக்கும் லாபம் சில ரூபாய்தான். பிள்ளைக்குக் கிடைப்பது தெருவே தன்னை அறியும் என்ற தெம்பு. எங்களுக்கு அது பத்துக் காசுக்குக் கிடைத்தது. ஐம்பது ரூபாய் கொடுத்தாலும் இன்றைக்கு அது மலிவுதான்.