பட்ஜெட்டில் என்ன வரும்? ஜோசியம் பார்க்கலாமா?



ஒவ்வொரு வருடமும் பட்ஜெட் நெருங்கும்போது எங்கள் வீட்டில் ஒரு கேள்வி வரும். "ஏப்பா, நீதான் படிக்கிறவன். நமக்கு என்ன வருதுன்னு பாத்துச் சொல்லு." கேட்பவர் என் அப்பா. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படிப்பவனுக்குப் பொருளாதாரமும் தெரியும் என்பது அப்பாவின் நம்பிக்கை.

2025 ஆகஸ்டில் நான் தைரியமாக ஒரு ஜோசியம் சொன்னேன். சுதந்திர தின உரையில் பிரதமர் ஜி.எஸ்.டி. வரியைக் குறைக்கப் போவதாக அறிவித்திருந்தார். 12 சதவீத அடுக்கே இருக்காது என்று செய்தி வந்தது. "அப்பா, பேண்டேஜுக்கு இப்ப 12 சதவீதம். அது 5 ஆயிரும். விலை குறையும், விற்பனை கூடும், உங்களுக்கு வேலையும் கூடும்" என்றேன். செப்டம்பர் 3-ல் ஜி.எஸ்.டி. கவுன்சில் அப்படியே முடிவு செய்தது. செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். என் ஜோசியம் பலித்துவிட்டது!

ஆனால் இடைப்பட்ட நாட்களில் நடந்தது வேறு. 22-ம் தேதிக்குப் பிறகு 5 சதவீதம் என்றால் இன்றைக்கு 12 கொடுத்து யார் வாங்குவார்? ஆஸ்பத்திரி சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை ஆஸ்பத்திரிகள் கழித்துக்கொள்ளவும் முடியாது. அவர்கள் காத்திருப்பதில் லாபம் இருக்கிறது. எங்கள் பக்கம் ஆர்டர் நின்றது. அப்பா வேலை பார்க்கும் இடத்தில் சரக்கு தேங்கியது, பாதித் தறி ஓடவில்லை. நெய்த மீட்டருக்குத்தான் கூலி. இரண்டு சனிக்கிழமை வீட்டுக்கு அரைக் கூலிதான் வந்தது.

அப்பா திட்டவில்லை. "வரி குறையும்னு சரியாத்தான் சொன்ன. அதுவரைக்கும் என்ன நடக்கும்னு சொல்லலையே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

பட்ஜெட் என்றால் என்ன?

'பட்ஜெட்' என்பது தோல் பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. நம் அரசியல் சட்டத்தில் அந்தச் சொல் இல்லை. மத்திய அரசுக்கு 112-வது பிரிவும் மாநிலத்துக்கு 202-வது பிரிவும் 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்றே சொல்கின்றன. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ல் வாசித்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். பொருள் வரும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, பங்கிட்டுச் செலவிடுவது ஆகிய நான்கையும் அரசின் வேலையாக வள்ளுவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். பட்ஜெட் இந்த நான்கின் கணக்குதான்.

எந்த சுவிட்ச் யார் கையில்?

லேபில் முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? எந்த லைன் எந்த சுவிட்சிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் கை வைக்காதே. வரியும் அப்படித்தான். நாம் பிப்ரவரி 1-ம் தேதி டி.வி. முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறோம். ஆனால் துணி, பேண்டேஜ், நெய், வெண்ணெய் இவற்றின் ஜி.எஸ்.டி. விகிதம் பட்ஜெட்டில் முடிவாவதில்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த கவுன்சில்தான் அதை முடிவு செய்கிறது. அங்கேயும் கடைசி நிமிடம் வரை உறுதி கிடையாது. துணிக்கு 2022 ஜனவரி 1 முதல் 12 சதவீதம் என்று அறிவிப்பே வந்துவிட்டது. முந்தின நாள், 2021 டிசம்பர் 31-ல், கவுன்சில் கூடி அதைத் தள்ளிவைத்தது!

இறக்குமதி வரி மத்திய அரசின் கையில். ராஜபாளையத்தின் நூற்பு மில்களுக்கு முக்கியமானது பஞ்சு மீதான வரி. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அது எல்லாம் சேர்த்து 11 சதவீதமாக வந்தது. 2022 ஏப்ரல் 14 முதல் விலக்கு கொடுத்தார்கள், அது அக்டோபர் 31 வரை இருந்தது. 2025 ஆகஸ்ட் 19-ல் மறுபடி விலக்கு. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். இந்த இரண்டு விலக்கும் பட்ஜெட் நாளில் வரவில்லை. ஒரு அறிவிக்கை போதும், எந்த நாளும் மாறலாம்.

மாநில அரசின் கையில் பெட்ரோல் மீதான விற்பனை வரி, வாகன வரி, பத்திரப் பதிவு போன்றவை இருக்கின்றன. 2021-ல் தேர்தலுக்கு முன் பிப்ரவரி 23-ல் இடைக்கால பட்ஜெட் வந்தது. ஆட்சி மாறி ஆகஸ்ட் 13-ல் திருத்திய பட்ஜெட் வந்தபோது பெட்ரோல் வரி 3 ரூபாய் குறைந்தது. தேர்தல் வருடத்தில் முதல் பட்ஜெட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது உதாரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பன் ஒருவன் வீட்டில் பால்கோவா கிண்டுகிறார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே பால்கோவாதான். வரி குறைந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, வரி குறைஞ்சிருச்சே, விலையக் குறைக்கலையா?" என்று கேட்டார்களாம். கறந்த பாலுக்கு முன்னாலும் வரி இல்லை, இப்போதும் இல்லை. இனிப்புக்கு முன்னாலும் 5, இப்போதும் 5. எந்த சுவிட்சைப் போட்டார்கள் என்று தெரியாவிட்டால் கடைக்காரருக்கும் சங்கடம், நமக்கும் ஏமாற்றம்.

செலவில் எவ்வளவு அசையும்?

2025-26 மத்திய பட்ஜெட்டின் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதோடு மாநிலங்களுக்குப் போகும் வரிப் பங்கையும் சேர்த்து ஒரு ரூபாயாக வைத்துப் பாருங்கள். மாநிலங்களின் வரிப் பங்கு 22 காசு, பழைய கடனுக்கு வட்டி 20 காசு, ராணுவம் 8 காசு, ஓய்வூதியம் 4 காசு. இந்த நான்கிலேயே 54 காசு போய்விட்டது. எந்த நிதி அமைச்சர் வந்தாலும் இதில் பெரிதாகக் கை வைக்க முடியாது. வருகிற ரூபாயிலும் 24 காசு புதிய கடன். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வாடகை, வட்டி, அரிசி போக மிச்சம் இருப்பதில்தான் தீபாவளித் துணி. ஆகவே செலவைக் கணிப்பது வரியைக் கணிப்பதை விடச் சுலபம். போன வருடக் கணக்கைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அறிவிப்பு வேறு, கைக்கு வருவது வேறு

தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 பிப்ரவரி 19 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தொடங்கியது ஆகஸ்ட் 9. என் கணக்கில் மாதம் 1000 ரூபாய் விழ ஆரம்பித்தபோதுதான் பட்ஜெட் என்றால் என்னவென்று எனக்கே உறைத்தது. நோட்டும் டிராயிங் ஷீட்டும் அதில்தான் வாங்கினேன். இது ஆறு மாதத்தில் வந்தது. எல்லாம் இப்படி வராது. மெகா ஜவுளிப் பூங்காக்கள் 2021 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் அறிவிப்பானவை. அதில் ஒன்றாக நம் விருதுநகர் மாவட்டத்து இ. குமாரலிங்கபுரம் தேர்வானது 2023 மார்ச்சில். இடம் முடிவாகவே இரண்டு வருடம். அங்கே வேலை கிடைக்கும் என்று நம்பியிருக்கும் நண்பர்கள் இந்த இடைவெளியையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நான் கற்றுக்கொண்டது

யாராவது "அடுத்த வருஷம் இந்த வரி குறையும்" என்று சொன்னால் இப்போது நான் நான்கு கேள்வி கேட்கிறேன். இது யார் கையில் உள்ள சுவிட்ச்? அவர்களிடம் அசைக்கக்கூடிய காசு எவ்வளவு? எப்போது கைக்கு வரும்? அதுவரை காத்திருக்கும் நாட்களில் யார் வயிறு காயும்? முதல் மூன்றையும் பேச டி.வி.யில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நாலாவது கேள்வி எங்கள் வீட்டிலிருந்து வந்தது.

ஜனவரியில் அப்பா மறுபடி கேட்டார். "பேண்டேஜ் வரி பிப்ரவரியில மாறாது, அது கவுன்சில் வேலை. பஞ்சு வரி என்னைக்கு வேணா மாறும். அப்ப ஒரு வாரம், ரெண்டு வாரம் தறி மந்தமாகலாம். ஒரு வாரக் கூலிய தனியா எடுத்து வைப்போம்" என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். "இதச் சொல்லவா பாலிடெக்னிக் போன? இத நான் கல்யாணமான நாள்லருந்து சொல்லிட்டிருக்கேனே!"

அம்மா சொன்னதற்கு இப்போது காரணமும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த சனிக்கிழமை அப்பா முதல் தடவையாகக் கூலிக் கவரிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே வச்சிரு" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் படித்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். பட்ஜெட் நாளில் உங்களிடமும் கேட்பார்கள். பலிக்கும் ஜோசியத்தை விட, தாங்கிக்கொள்ளும் வழியைச் சேர்த்துச் சொல்லுங்கள்.