பிள்ளைகளுக்கு என்ன பரிசு?

திருவருகைக்காலம் தொடங்கியதும் பிள்ளைகளுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கிறோம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்குச் சிவப்பழகு கிரீம் வாங்கிக் கொடுக்கும் உறவினர்கள் நம்மிடையே உண்டு. 1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டது. நம் பேச்சிலிருந்து அது இன்னும் போகவில்லை. கடவுள் தந்த இந்த உடல் போதாது என்றே அப்பரிசு பிள்ளையிடம் சொல்கிறது.

அன்பார்ந்தவர்களே, புத்தகம் கொடுப்போமே. நடிகை லுபிடா நியோங்கோ எழுதிய ‘சுல்வே’ (2019) ஓர் ஆங்கிலப் படக்கதை. குடும்பத்திலேயே கறுத்த பிள்ளையான சுல்வே, ரப்பரால் தன் தோல் நிறத்தை அழிக்கப் பார்க்கிறாள். நிறம் மாற வேண்டுமென்று கடவுளிடம் மன்றாடுகிறாள். நம் மறைக்கல்வி வகுப்பிலும் எத்தனை பிள்ளைகள் இப்படி மன்றாடியிருப்பார்களோ! சற்று வளர்ந்தவர்களுக்கு, அடிமையாக விற்கப்பட்டு, 2000-இல் புனிதராக உயர்த்தப்பட்ட சூடான் நாட்டு ஜோசபின் பக்கீத்தாவின் வரலாறு ஏற்றது.

வாங்குமுன் படங்களைப் புரட்டிப் பாருங்கள். நல்லவர்கள் மட்டும் சிவப்பாக, ஒல்லியாக இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். (நம் குடில் சுரூபங்களின் ரோஸ் கன்னங்களைப் பற்றித் தனியே பேச வேண்டும்!) புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, விருந்துப் பந்தியில் “என்ன பிள்ளை, கறுத்துக் குண்டாயிட்டே?” என்று கேட்டுவிட்டால், அது பிரிக்கப்படாமலே அலமாரிக்குப் போய்விடும்.