நமுனுகுலவில் ஏன் ராடர் வைக்கவில்லை?

ஏப்ரல் 9 நெருங்குகிறது. 1942இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாள். அங்கே எலிசபெத் முனையில் இருந்த ராடர் நிலையம் பற்றி பதுளை, அப்புத்தளை வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது: வானம் தெளிந்த நாளில் லிப்டன் சீட்டிலிருந்தே தெற்குக் கடல் தெரிகிறது, 2,036 மீற்றர் உயர நமுனுகுல இருக்க, கடலோர முனையில் ஏன் போய் வைத்தார்கள்? பக்கம் இன்றிரவு அச்சுக்குப் போகிறது. இதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கால ராடருக்கு உயரம் மட்டும் போதாது. எதிரே கடல் வேண்டும். ஏரியல் அனுப்பும் அலையில் ஒரு பங்கு நேரே விமானத்துக்குப் போகும். இன்னொரு பங்கு கடல்நீரில் பட்டுத் தெறித்து மேலேறும். இரண்டும் இசைந்து சேருமிடத்தில் வலு கூடும். ராடர் எட்டும் தூரமும் கூடும். முரண்படுமிடத்தில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஆகவே ராடரின் பார்வை, விரித்த கைவிரல்களைப் போல மேலும் கீழுமாகப் பிரிந்துதான் நீளும். இடுக்கில் பறக்கும் விமானம் திரையிலிருந்து மறைந்து, அடுத்த விரலுக்குள் வந்ததும் மீண்டும் தோன்றும். எந்தத் தூரத்தில் தோன்றியது, எங்கே மறைந்தது என்பதை வைத்தே இயக்குநர்கள் அதன் உயரத்தைக் கணித்தார்கள். ஒரு குறையையே அளவுகோலாக்கிய அந்தச் சாமர்த்தியம் என்னை வியக்கவைக்கிறது. அந்த இடுக்குகளை நம்பி ஒரு துறைமுகமே உறங்கியது என்பது கலங்கவும் வைக்கிறது.

நமுனுகுல நிற்கும் ஊவாவில் இதற்கு வழியில்லை. பதுளையிலிருந்து கிழக்குக் கரை 80 கிலோமீற்றருக்கும் அப்பால். இடையிலுள்ள மலைகளில் பட்ட அலை சிதறித் திரும்பி, திரையில் நிரந்தரப் புள்ளிகளாக உட்கார்ந்துகொள்ளும். அவற்றுக்குள் விமானத்தை எப்படிப் பிரித்தறிவது?

இத்தகைய ராடர் நிலையங்களுக்கு ‘முன்னெச்சரிக்கை நிலையம்’ என்பது படைத்தரப்பின் சொல். எச்சரிக்கை விமானத்தளத்தை எட்டினால்தான் அந்தச் சொல் பொருந்தும். திருகோணமலையில் எட்டியது, சீனக்குடாவின் போர்விமானங்கள் நேரத்தோடு மேலெழுந்தன. நான்கு நாள் முன்னர் கொழும்பு தாக்கப்பட்டபோது எட்டவில்லை. ராடர் அங்கும் இருந்தது. ஆனால் எதிரி தலைக்குமேல் வந்தபிறகுதான் இரத்மலானை விமானங்கள் கிளம்பின. பணிமாற்ற நேரம், பராமரிப்பு வேலை என்று சொல்லப்பட்ட காரணங்களை என்னால் ஏற்க முடியவில்லை. கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானம் ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு முந்தைய நாளே செய்தி அனுப்பியிருந்ததே!

மற்றக் கேள்விகள்:

கைவிடப்பட்ட நிலையங்களில் என்ன பார்ப்பது? கருவிகள் போனபின் எஞ்சுவது பெரும்பாலும் சீமெந்துத் தளமும் சுவரும்தான். அங்கிருந்து கடல் எவ்வளவு விரிந்து தெரிகிறது என்று பாருங்கள்.

ஊவாவுக்கு அந்தப் போரில் பங்கே இல்லையா? தியத்தலாவையில் பிரித்தானியக் கடற்படையின் ஓய்வு முகாம் இருந்தது. அதன் பெயர் எச்.எம்.எஸ். ஊவா.

கொழும்பில் எத்தனை விமானங்களை வீழ்த்தினார்கள்? இருபதுக்கு மேல் என்று அறிவித்தார்கள். ஜப்பான் இழந்தது 7.