பைக்குள் ஒரு வில்லை

நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணி கையோடு கொண்டுபோகும் பைக்குப் பொதுவாக 7 கிலோதான் வரம்பு. பையே 3 கிலோ கனத்தால் துணிமணிக்கு மிஞ்சுவது நாலுதான். ஆகவே கடையில் முதலில் வெறும் பையைத் தூக்கிப் பாருங்கள். தோள்வார் அகலமாக, மெத்தென்று இருக்கட்டும். லேப்டாப் அறை முதுகை ஒட்டி இருந்தால் பாரம் பின்னுக்கு இழுக்காது.

பை எங்கே இருக்கிறது என்று சொல்லும் வில்லைகளும் வந்துவிட்டன. ஆப்பிள் 2021-இல் கொண்டுவந்த ஏர்டேக் அதில் ஒன்று. அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது! பட்டன் பேட்டரியில் ஓடி, புளூடூத் சமிக்ஞையை விட்டுவிட்டு அனுப்பும். அந்தப் பக்கம் போகிற யாரோ ஒருவருடைய ஐபோன் அதைப் பிடித்து, இருக்கும் இடத்தை உங்கள் போனுக்கு ரகசியமாகச் சேர்த்துவிடும். அவருக்கே அது தெரியாது. கூட்டமுள்ள விமான நிலையத்தில் இது நன்றாக வேலை செய்வதும், ஆளில்லாத இடத்தில் திணறுவதும் இதனால்தான். உலோகம் சமிக்ஞையைத் தடுக்கும். துணிப்பையின் உள்துணியில் சின்ன அறை தைத்து வைப்பதே நல்லது.

கடைசி நேரத்தில் பையைச் சரக்கறைக்குக் கேட்டால், பவர் பேங்கை மறக்காமல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.