பச்சைத் துணிக்கு அடியில் சில நிமிடங்கள்

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து கண் ஆபரேஷனுக்காக மதுரைக்கு வந்து இறங்கும் பெரியவர்கள் பலருக்கும் ஒரே கேள்விதான்: “முழிச்சிருக்கும்போதேவா அறுப்பாங்க?”

நியாயமான பயம். கண்புரை ஆபரேஷனில் பெரும்பாலும் கண்ணை மட்டுமே மரக்க வைப்பார்கள். டாக்டர் பேசுவது காதில் விழும். முகத்தை மூடிய துணிக்குள் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். பயந்தால் நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். மிகவும் ஏறினால் ஆபரேஷனே தள்ளிப்போகும். தலை சட்டென்று அசைந்தால் டாக்டருக்கும் சிக்கல்.

இந்த நேரத்துக்குத்தான் தியானம். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். ஆகவே விடும் மூச்சை நிதானமாக நீட்டினால் படபடப்பு அடங்கும். ஒரு சொல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாலும் உடம்பு தளர்கிறது என்று அமெரிக்க இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975-ல் புத்தகமே எழுதினார். நம் அப்பத்தாக்களுக்கு அந்தச் சொல் ‘முருகா’. அல்லாவோ ஏசுவோ, அவரவர் வாயில் பழகிய பெயர் போதும்.

பயத்தை நேருக்கு நேர் பார்த்த ஊர் மதுரை. 1896-ல் மீனாட்சி கோயிலுக்குப் பக்கத்தில், சித்தப்பா வீட்டில் இருந்த 16 வயது வேங்கடராமனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. அவர் அலறி ஓடவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தார். அவர்தான் ரமண மகரிஷி. 80 ஆண்டு கழித்து, 1976-ல், இதே ஊரில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு கண் ஆஸ்பத்திரி தொடங்கி, தான் வழிபட்ட அரவிந்தரின் பெயரை வைத்தார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் ஆபரேஷன் செய்யப் பழகியவர் அவர். இப்படிப்பட்ட ஊரில், சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வைக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவது எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் வழக்கமாக வேண்டும். அதற்குத் தனியாக ஆள் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் நர்ஸம்மாவின் குரலே போதும்.

ஒரு எச்சரிக்கை: மேஜையில் படுத்தபின் மூச்சை அடக்குவது, வேகமாக இழுத்து விடுவது எதுவும் கூடாது. இருமல் வந்தால், மூச்சு முட்டினால் அசையாமல் வாயால் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைத் தியானத்தை நம்பி நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா? இன்று ராத்திரியே மல்லாந்து படுத்து, முகத்தில் மெல்லிய துண்டைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் பழகிப் பாருங்கள்.