வேகப்பந்து வீச்சும் அயல்நாட்டுக் கூட்டுறவும்

தண்டையார்பேட்டையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தொலைவு சென்றால் திருவொற்றியூர். 1946-ஆம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை அவர்கள் அங்கு ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். பிற்காலத்தில் எம்.ஆர்.எப். எனப் பெயர் பெற்ற அத்தொழில், டயர் உற்பத்தியில் இறங்கியபோது அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு நிறுவனத்தாரின் நுட்ப உதவியை நாடியது. 1987-இல் அதே நிறுவனம் விளையாட்டிலும் இவ்வழியையே கைக்கொண்டது.

அந்நாளில் நம் நாட்டில் சுழற்பந்து வீச்சாளருக்குக் குறைவில்லை. மிக வேகமாக வீசுவோரே அரியர். இக்குறையை நீக்க, ரவி மாம்மன் அவர்களின் முயற்சியால் சென்னையில் வேகப்பந்து வீச்சுப் பயிற்சி நிலையம் தோன்றியது. 70 டெஸ்டு ஆட்டங்களில் 355 விக்கெட்டுகளை வீழ்த்திய ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி பயிற்றுநராக அழைக்கப் பெற்றார். அவர் ஆண்டு முழுவதும் இங்குத் தங்கியவர் அல்லர். அவ்வப்போது வந்து செல்வார். எஞ்சிய நாட்களில் டி. ஏ. சேகர் முதலிய நம்மவரே பயிற்சியை நடத்தினர். ஜப்பானிய முறை நெல் சாகுபடி 1950-களில் நம் கிராமங்களுக்கு வந்தபோதும், வயலில் நின்று கற்பித்தவர் ஜப்பானியர் அல்லர், நம் கிராம சேவகரே என்பதை மூத்த விவசாயிகள் அறிவர்.

லில்லி கொணர்ந்த அறிவுள் தலையாயது முதுகெலும்பைக் காக்கும் அறிவு. 1973-இல் அவருடைய முதுகெலும்பிலேயே கீறல் கண்டு, ஆட்ட வாழ்வு முடிந்ததென்று பலர் எண்ணினர். முறையான உடற்பயிற்சியாலும், வீசும் பாங்கைத் திருத்திக் கொண்டமையாலும் அவர் மீண்டார். வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில், வீசுவோனின் எடையைப்போல் பல மடங்கு விசை உடலில் ஏறுகிறது. அப்பொழுது இடுப்பு ஒரு திசையும் தோள் வேறொரு திசையும் நோக்குமாயின், கீழ் முதுகு முறுக்குண்கிறது. எலும்பு முற்றாத வளரும் பிள்ளைகளுக்கு இதனால் நேரும் தீங்கு மிகுதி.

ஸ்ரீநாத், ஜாகீர் கான், இலங்கையின் சமிந்த வாஸ் ஆகியோர் இங்குப் பயின்றவர்கள். (பந்து வீச வந்த சிறுவன் சச்சின் டெண்டுல்கரை, மட்டை பிடிக்கும்படி லில்லி திருப்பி அனுப்பியதும் இந்நிலையத்தில்தான்.) ஆஸ்திரேலிய இளைஞர்களும் நம் வெயிலிலும் நம் மண்ணிலும் பழக இங்கு வருவதுண்டு, ஆகவே பயன் இருபாலர்க்கும் உரியது. 2012-இல் லில்லி விலகியபின் அவர் நாட்டவரான கிளென் மெக்ராத் பொறுப்பேற்றார்.

இவையெல்லாம் நகரத்துச் செய்தியென்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒதுக்கிவிடலாகாது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2020-21 சுற்றுப் பயணத்தில் ஆஸ்திரேலிய மண்ணிலேயே இந்தியாவுக்காக மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். தம் ஊரில் அவர் அமைத்த மைதானம் 2023-இல் திறக்கப்பட்டது. இத்தகைய பிள்ளைகள் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. கோடை விடுமுறையில் காலை முதல் மாலை வரை, காய்ந்து இறுகிய ஏரித் தரையில், நன்றாக வீசும் ஒரே பையனை எல்லா ஆட்டத்திலும் வீச வைக்கும் வழக்கமே கவலை தருவது. இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் கடைப்பிடித்த விதிப்படி, 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் தொடர்ச்சியாக 5 ஓவருக்கு மேலும், ஒரு நாளில் 10 ஓவருக்கு மேலும் வீசலாகாது. ஊர்ப் போட்டிகளுக்குக் கோப்பை வழங்கும் பஞ்சாயத்துத் தலைவர்கள், இவ்வரம்பையும் ஒரு நிபந்தனையாக வைக்கலாம்; இதற்குச் செலவு ஏதுமில்லை. வீசும் பையன் கீழ் முதுகில் ஒரு பக்கம் விடாது வலிக்கிறதென்றால், எண்ணெய் தேய்த்து மறுநாள் களத்தில் இறக்காமல், வீசுவதை உடனே நிறுத்தி அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவரிடம் காட்டுக. தொடக்க நிலைக் கீறல் எக்ஸ்ரே படத்தில் தெரியாமலும் போகலாமாதலால், பையன் வேகமாகப் பந்து வீசுபவன் என்பதை மருத்துவரிடம் தவறாது சொல்லவேண்டும்.